சுருங்க மறுக்கும் ஒளி

மேசைமேல் நகர்த்தி ஆடும் விண்போர் விளையாட்டுகளுக்கான சிற்றுருவக் கலங்கள், நீளம், அகலம், இறக்கையின் தடிமன், மேற்பரப்பில் ஓடும் தகட்டு இணைப்புகளின் ஆழம் என எல்லாவற்றிலும் ஓர் அளவுவிகிதத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்யப்படுபவை. ஆனால் அந்தக் கலத்துக்குள் ஒரு விளக்கைப் பொருத்திய உடனே, எந்த விகிதத்துக்கும் அடங்காத ஒன்று அதனுள் புகுந்துவிடுகிறது. உலோகத்தையும் மனிதரையும் நூறில் ஒன்றாகவும் ஆயிரத்தில் ஒன்றாகவும் சுருக்கி வார்க்கலாம். ஒளியின் அலைநீளத்தையோ, அதைப் பார்க்கும் கண்ணின் கூச்சத்தையோ அப்படிச் சுருக்க முடியாது. சிற்றுருவக் கலங்களுக்கு ஒளியூட்டுவதை விளக்கு சேர்க்கும் வேலையாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் பெரும்பகுதி, கிடைக்கும் ஒளியைக் குறைப்பதும் மறைப்பதும் பங்கிடுவதும்தான்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் ஃபேன்டசி ஃபிளைட் கேம்ஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்: எக்ஸ்-விங்’ விளையாட்டின் கலங்களைக் கொள்ளலாம். இவை ஏறத்தாழ 1:270 என்னும் அளவுவிகிதத்தில் அமைந்தவை, கதைப்படி 12.5 மீட்டர் நீளமுள்ள எக்ஸ்-விங் போர்க்கலம் இந்த விகிதத்தில் சுமார் 4.6 செ.மீ. நீளமே வரும். வண்ணம் பூசப்பட்ட அந்தக் கலம், 4 செ.மீ. சதுரமான ஒளிபுகு பிளாஸ்டிக் பீடத்தின்மேல், ஒளிபுகு குச்சி ஒன்றில் நிற்கும். விளையாடுபவர் அதை 60 செ.மீ. தொலைவிலிருந்து பார்க்கிறார் என்றால், உண்மைக் கலத்தை 162 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு அது சமம். ஆகவே அதன் பின்புறத்தில் பொருத்தப்படும் 1 மி.மீ. அளவுள்ள விளக்கு, உண்மையில் 27 செ.மீ. அகலமுள்ள ஒரு விளக்காகக் கண்ணுக்குப் பொருள்படும்.

இங்கே ஒளிப்பொலிவு என்னும் கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் பார்ப்பவர் இருக்கும் திசையில் எவ்வளவு ஒளியை அனுப்புகிறது என்பதே அதன் ஒளிப்பொலிவு. பரப்பு பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து இது மாறுவதில்லை. உண்மைக் கலத்தின் எஞ்சின் வாயும் சிற்றுருவத்தின் எஞ்சின் வாயும் கண்ணுக்கு ஒரேபோல் ஒளிர வேண்டுமானால் இரண்டின் ஒளிப்பொலிவும் ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் நீளம் 270இல் ஒன்றாகும்போது பரப்பளவு 72,900இல் ஒன்றாகிவிடுவதால், சிற்றுருவத்துக்குத் தேவையான மொத்த ஒளியும் அவ்வளவு சிறிய பங்கே. கடையில் கிடைக்கும் மிகச் சிறிய எல்.இ.டி. விளக்கோ தன் ஒளி முழுவதையும் கால் மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு படிகத்திலிருந்து கொட்டுகிறது. அதை அப்படியே வைத்தால் எஞ்சின் தெரியாது, கண்ணை உறுத்தும் ஒரு புள்ளி மட்டுமே தெரியும். கலைஞர் வாரக்கணக்கில் தீட்டிய வண்ண வேலையும் அந்தக் கூச்சத்தில் மறைந்துபோகும்.

எல்.இ.டி. என்பது குறைகடத்திகளால் ஆன ஒரு சந்தி. எலக்ட்ரான் மிகுந்த பக்கத்திலிருந்து வரும் எலக்ட்ரான், எலக்ட்ரான் குறைந்த பக்கத்தில் உள்ள வெற்றிடமான ‘துளை’யில் விழும்போது, இடையிலுள்ள ஆற்றல் வேறுபாட்டை ஒளித்துகளாக, அதாவது ஃபோட்டானாக, வெளியிடுகிறது. ஆற்றல் வேறுபாடு கூடினால் ஒளியின் அலைநீளம் குறைந்து நிறம் நீலத்தை நோக்கி நகரும். 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 1.97 எலக்ட்ரான்வோல்ட், 465 நானோமீட்டர் நீல ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 2.67 எலக்ட்ரான்வோல்ட். சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட்டிலும், நீல எல்.இ.டி. 3 வோல்ட் அளவிலும் எரிவதற்கு இதுவே காரணம். வெள்ளை எல்.இ.டி. என்று தனியாக ஒரு படிகம் இல்லை: நீலப் படிகத்தின்மேல் பூசிய ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, எஞ்சிய நீலமும் அந்த மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகின்றன; ஆதலால் வெள்ளைக்கும் நீலத்தின் மின்னழுத்தமே தேவைப்படும். நிக் ஹோலோன்யாக் 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்து காட்டிய பிறகு, பளிச்சென்ற நீலத்துக்காக உலகம் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன் மாதிரிக்கலம் செய்தவர்களுக்கு வெள்ளை ஒளி வேண்டுமென்றால் தானிய மணி அளவிலான இழை பல்புகளே கதி. அவை பிளாஸ்டிக்கை உருக்கும் சூட்டையும் சேர்த்தே தந்தன.

நிறத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள இந்த உறவு வெறும் பாடநூல் செய்தியன்று; அதை மறந்தவர்களின் கலங்களில் அது உடனே பழிவாங்கும். எஞ்சினுக்குச் சிவப்பும் விமானி அறைக்கு வெள்ளையுமாக இரண்டு எல்.இ.டி.களைப் பக்க இணைப்பில் இணைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே மின்தடையத்தை வைத்தால், சிவப்பு மட்டும் எரிந்து வெள்ளை இருண்டே கிடக்கும். சிவப்பு 2 வோல்ட்டிலேயே மின்னோட்டத்தை முழுவதும் உறிஞ்சத் தொடங்கிவிடுவதால், அந்தக் கிளையின் மின்னழுத்தம் வெள்ளைக்குத் தேவையான அளவுக்கு ஏறவே ஏறாது. வெள்ளை எல்.இ.டி. பழுது என்று எண்ணி அதைப் பிடுங்கி வேறொன்றை வைத்தாலும் பயன் இருக்காது. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி மின்தடையம் வைப்பதே தீர்வு.

மின்தடையம் எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேயே விடை உண்டு. குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டியதும் எல்.இ.டி.யில் பாயும் மின்னோட்டம் படிப்படியாக ஏறாமல் மளமளவென்று ஏறும். அதைத் தடுத்து நிறுத்துவது விளக்கோடு தொடராக இணைக்கப்படும் தடையே. 3 வோல்ட் தரும் சிஆர்2032 பட்டன் பேட்டரியில் 1.9 வோல்ட் சிவப்பு எல்.இ.டி.யை 2 மில்லிஆம்பியரில் எரிக்க வேண்டுமென்றால், மீதமாகும் 1.1 வோல்ட்டை 0.002ஆல் வகுக்க 550 ஓம் வரும். கடையில் அதற்கு நெருக்கமாகக் கிடைப்பது 560 ஓம். பெரிய எல்.இ.டி.களின் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் 20 மில்லிஆம்பியர் என்பது உச்ச அளவையொட்டிய எண்ணே தவிரக் கட்டளை அன்று. சிற்றுருவங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே பல நேரங்களில் மிகுதி. பேட்டரிக்கும் அதுவே நல்லது. சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சிஆர்2032, நான்கு எஞ்சின்களுக்கு மொத்தம் 8 மில்லிஆம்பியர் கொடுத்தால் கணக்குப்படி 27 மணி நேரம் உழைக்க வேண்டும்; ஆனால் அது கடிகாரம் போன்ற மிகக் குறைந்த மின்னோட்டத்துக்காகவே செய்யப்பட்டது என்பதால், உட்புறத் தடை காரணமாக நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே உழைக்கும். வெள்ளையும் சிவப்பும் கலந்த கலத்தில் பேட்டரி தளரத் தொடங்கினால் முதலில் மங்குவது வெள்ளையே. சிவப்பு வெகுநேரம் தாக்குப்பிடிக்கும்.

இனி, கையால் செய்யும் வேலை. பரப்பில் ஒட்டும் வகை எல்.இ.டி.களில் 0603 என்னும் அளவு 1.6 மி.மீ.க்கு 0.8 மி.மீ.; 0402 என்பது 1 மி.மீ.க்கு 0.5 மி.மீ. இவற்றை விரலால் எடுக்க முடியாது, இடுக்கி வேண்டும். இடுக்கி சற்று அழுத்தினாலும் தெறித்துப் போய்விடும், தரையில் விழுந்ததைத் தேடிக் கண்டுபிடித்தவர் குறைவு. பின்புறத்திலுள்ள சிறிய பச்சைக் குறி பொதுவாக எதிர்முனையைக் காட்டும். இணைப்புக்கு, மோட்டார் சுற்றப் பயன்படும் எனாமல் பூசிய செம்புக் கம்பியில் 0.1 மி.மீ. தடிமனுள்ளது ஏற்றது, எனாமலே காப்புறையாக இருப்பதால் இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கினாலும் குறுக்குச்சுற்று ஏற்படாது, தாங்கு குச்சியோடு சேர்த்து மேலேற்றினால் கண்ணுக்கும் எளிதில் படாது. கம்பியின் நுனியில் மட்டும் உருகிய ஈயத்தால் எனாமலை எரித்து நீக்கி, ஈயம் பூசிக்கொண்டு, பின்னர் எல்.இ.டி.யின் முனையில் தொட்டும் தொடாமலும் சால்டரிங் செய்ய வேண்டும். சால்டரிங் கருவியின் முனை 350 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். மாதிரிகளுக்குப் பரவலாகப் பயன்படும் பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். ஆகவே எல்லா இணைப்புகளையும் கலத்துக்கு வெளியே முடித்து, எரிகிறதா என்று பார்த்து, அதன் பிறகே உள்ளே நுழைப்பது வழக்கம்.

உள்ளே வைத்து எரிய விட்டதும் அடுத்த தொல்லை தெரியவரும். மெல்லிய பிளாஸ்டிக் ஒளியை முழுவதும் தடுப்பதில்லை; விளக்கு எரியும்போது கலத்தின் வயிறே தோல் சிவந்ததுபோல் ஒளிரும், ஒட்டிய விளிம்புகளில் கோடு கோடாக வெளிச்சம் கசியும். இப்படி ஒளிரும் கலம், எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருந்தாலும், அக்கணமே பொம்மையாகிவிடுகிறது. இரும்பும் எஃகும் என்று கண் நம்பியிருந்தது பிளாஸ்டிக் என்று அம்பலமாகிவிடுவதே காரணம். உட்புறம் முழுவதும் முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் பூசுவது இதற்கு மருந்து: கறுப்பு வெளியே தப்பும் ஒளியை விழுங்கும், வெள்ளை உள்ளேயே ஒளியைச் சிதறடித்து எஞ்சின் வாயை நோக்கித் திருப்பும். வரிசை மாறினால் பயன் பாதியாகிவிடும். கசிவைக் கண்டறிய இருட்டறையில் விளக்கை எரியவிட்டு, கலத்தை மெல்லத் திருப்பிப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

எஞ்சின்களுக்கு எல்.இ.டி. போதும், சன்னல்களுக்குப் போதாது. 1,600 மீட்டர் நீளமுள்ளதாகக் கதை சொல்லும் ஒரு பெரும் போர்க்கப்பலை 20 செ.மீ.க்குள் அடக்கினால் அளவுவிகிதம் 1:8000 ஆகும். அங்கே 2 மீட்டர் உயரமுள்ள ஒரு சன்னல் கால் மில்லிமீட்டர்தான். அந்த அளவில் எல்.இ.டி. இல்லை, ஆனால் ஒளியிழை உண்டு. வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளி சிறைப்பட்டுச் செல்வதை 1840களில் ஜெனீவாவின் டேனியல் கொலாடனும், 1854இல் லண்டனில் ஜான் டிண்டலும் காட்டினர். நூறாண்டு கழித்து, 1954இல், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹரால்டு ஹாப்கின்சும் கண்ணாடி இழைக் கற்றை வழியாக ஒரு படத்தையே கடத்தியதைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினர். மாதிரிக்கலங்களில் பயன்படுவது கண்ணாடி அன்று, அக்ரிலிக் இழை. அதன் மையத்தின் ஒளிவிலகல் எண் 1.49, மேலுறையின் எண் 1.40 என்று கொண்டால், இரண்டும் சந்திக்கும் பரப்பின் செங்குத்துக்கோட்டோடு 70 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் வந்து மோதும் கதிர் வெளியேற முடியாமல் முழுமையாக உள்ளேயே திரும்பிவிடும். இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். ஒரே எல்.இ.டி.யின் முகத்தில் பல இழைகளின் அடிமுனைகளைக் கட்டாகச் சேர்த்து வைத்து, மறுமுனைகளைத் துளைகளில் செருகிவிட்டால் ஒரு விளக்கு பல சன்னல்களாகிறது. ஒளியைப் பங்கிடும் கலைக்கு இதைவிட நேர்த்தியான கருவி இதுவரை வந்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

அதற்கும் சில பிடிவாதங்கள் உண்டு. மேற்சொன்ன எண்களின்படி இழையின் நுனியிலிருந்து ஒளி ஏறத்தாழ 60 டிகிரி விரிவுள்ள கூம்பாகவே வெளிவரும். கலத்தை நேரே பார்ப்பவருக்குச் சன்னல் பளிச்சென்று இருக்க, மேசையின் பக்கவாட்டில் அமர்ந்தவருக்கு அதே சன்னல் இருண்டு தெரியும். நுனியை ஒரு சூடான பொருளுக்கு அருகே கொண்டுசென்றால் அது சற்றே உருகிக் குமிழாகும். குமிழின் வளைவு ஒளியைப் பல திசைகளுக்கும் விரிக்கும், குமிழ் துளையைவிடப் பெரிதாக இருப்பதால் இழை உள்ளே நழுவாமலும் இருக்கும். கூர்மையாக வளைத்தால் கதிர்கள் 70 டிகிரிக்குக் குறைந்த கோணத்தில் மோதி வழியிலேயே தப்பிவிடும். இழையை ஒட்ட உடனடிப் பசையைப் பயன்படுத்துவது பலர் செய்யும் தவறு: சயனோஅக்ரிலேட் பசை அக்ரிலிக் இழையை நொறுங்கும்படி ஆக்கிவிடும், அதன் ஆவி ஒளிபுகு பிளாஸ்டிக்கின்மேல் வெண்படலமாகவும் படியும். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை காய நேரமெடுத்தாலும் ஒளிபுகுமாறு காயும், இழைக்கும் தீங்கில்லை.

ஒளி அணையாமல் சீராக எரிந்துகொண்டிருந்தால் கலம் உயிரற்றதாகத் தோன்றும் என்பதால், எஞ்சின் மெல்ல ஏறி இறங்கி மூச்சுவிடுவதுபோல் ஒளிர வேண்டும் என்று விரும்புவோர் உண்டு. இதற்கு ஏடிடைனி85 போன்ற எட்டுக் கால் நுண்கட்டுப்படுத்தி போதும். அது எல்.இ.டி.க்கு மின்னோட்டத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் எரியும் நேரத்தின் பங்கைக் கூட்டிக் குறைக்கிறது. துடிப்பகலப் பண்பேற்றம் எனப்படும் இம்முறையில் 0 முதல் 255 வரையான படிகளில் ஒளியை ஆளலாம். ஆனால் கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. பாதி வெளிச்சம் என்று அதற்குத் தோன்றுவது உண்மையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியதே. ஆகவே நடுப்படிக்கு 127 என்று எழுதியவரின் எஞ்சின், ஏறும்போது சட்டென்று பளிச்சிட்டுவிட்டுப் பிறகு வெகுநேரம் மாற்றமே இல்லாததுபோல் தோன்றும். 55ஐ ஒட்டி எழுதினால்தான் ஏற்றம் சீராகத் தெரியும். அணைத்தேற்றும் வேகம் மிகக் குறைவாக இருந்தால் மற்றொரு வேடிக்கையும் நிகழும்: நிற்கும்போது சீராக ஒளிரும் கலத்தைக் கையிலெடுத்து விரைவாக நகர்த்தினால், அதன் பின்னே ஒளிக்கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிவரிசை ஒன்று தெரியும். நகர்த்துவதற்கென்றே செய்யப்பட்ட பொருளில் இது கவனிக்க வேண்டியதே.

எஞ்சின் எந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்பதில் அறிவியல் கைகொடுப்பது குறைவு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் எஞ்சினின் சுடர் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளிறியது. விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டுத் திண்ம எரிபொருள் உந்திகள் கண்கூசப் பிரகாசித்தது, அவற்றின் புகையில் கனன்ற அலுமினிய ஆக்சைடுத் துகள்களால்தான். 2007இல் ஏவப்பட்டு வெஸ்டா, செரஸ் என்னும் சிறுகோள் மண்டல உலகுகளைச் சுற்றிய டான் விண்கலத்தின் செனான் அயனி எஞ்சின் நீலமாக ஒளிர்ந்தது. திரைப்படக் கலங்களின் நீலத்துக்கு உண்மையுலகில் ஓர் உறவு உண்டென்றால் அதுவே. மற்றபடி இந்த நிறங்கள் திரைப்பட மரபு தந்தவை. அந்த மரபுக்கு ஒளியால் உயிர் கொடுத்தவர்கள் மாதிரிக்கலைஞர்களே: ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடருக்காக 1960களில் செய்யப்பட்ட சுமார் 11 அடி நீள ‘எண்டர்பிரைஸ்’ மாதிரியின் எஞ்சின் முகப்புகளுக்குள் விளக்குகளையும் சுழலும் மோட்டார்களையும் வைத்து ஒளியைச் சுழலச் செய்தனர், அது புதுப்பிக்கப்பட்டு, 2016இல் வாஷிங்டனிலுள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் காட்சிக்கு வந்தது. மேசைக் கலத்துக்கு அந்த மரபிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க நுட்பம் ஒன்றுதான்: மிகப் பிரகாசமான ஒளியின் நடுவைக் கண்ணும் கேமராவும் வெள்ளையாகவே பதிவுசெய்யும், நிறம் ஓரத்தில்தான் தெரியும். எஞ்சின் வாயில் உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிய ஒளிபுகு தகட்டை வைத்து, அதன் விளிம்பில் மட்டும் ஒளிபுகு நீலமோ சிவப்போ பூசி, பின்னால் வெள்ளை எல்.இ.டி.யைக் குறைந்த மின்னோட்டத்தில் எரித்தால், நீல எல்.இ.டி. மட்டும் வைத்ததைவிடச் சூடான எஞ்சினாகத் தோன்றும்.

கடைசியாக, மின்சாரம் எங்கிருந்து வரும் என்பது. 20 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. தடிமனும் கொண்ட சிஆர்2032, 4.6 செ.மீ. கலத்துக்குள் அடங்காது, பீடத்துக்கு அடியில் அடங்கும். கலத்தைக் குச்சியிலிருந்து கழற்றி மாட்ட வேண்டுமென்பதால், பீடத்திலும் கலத்திலும் சிறு நியோடிமியம் காந்தங்களைப் பதித்து, அவற்றின் நிக்கல் பூச்சு வழியாகவே மின்னோட்டத்தைச் செலுத்துவர். பிடிப்பும் இணைப்பும் ஒன்றாகவே முடிந்துவிடும். காந்தத்தின்மேல் நேரடியாகச் சால்டரிங் செய்தால் மட்டும் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் வழக்கமான நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். பேட்டரியே வேண்டாம் என்பவர்கள் 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நாடுகின்றனர்: மேசைக்கு அடியிலுள்ள கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் ஓட, கலத்தின் பீடத்திலுள்ள சிறுசுருளில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு எல்.இ.டி. எரியும், தொலைவு சில சென்டிமீட்டரைத் தாண்டினால் ஒளி மங்கிவிடும் என்பதால், ஆட்ட மேசை முழுவதும் இதைப் பரப்புவது செலவு மிக்க வேலை. ஆகவே பெரும்பாலோர் பட்டன் பேட்டரிக்கே திரும்புகின்றனர். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் பேட்டரியைக் காந்தத்தாலோ பசைத்தாளாலோ மூடுவது போதாது. விழுங்கப்பட்ட பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கக்கூடும் என்பதால், பீடத்தின் அடிமூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்க வேண்டும்.